பச்சைப் பட்டியல்

திங்கட்கிழமை ஆன்சிக்கு முட்டை கிடைக்கவில்லை.

வலை பின்னும் கூடத்தை ஒட்டிய அறையில் காலை எட்டரை மணிக்கு முட்டை கொடுப்பார்கள். பெயரைக் கூப்பிட்டதும் குழந்தை போய்த் தட்டை நீட்ட வேண்டும். அவித்த முட்டை ஒன்று. வேர்க்கடலையும் வெல்லமும் சேர்த்து இடித்த உருண்டை ஒன்று. அங்கேயே உட்கார்ந்து தின்ன வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள். வீட்டுக்குப் போன முட்டை நாலாகப் பிரியும் என்று முட்டை கொடுக்கும் அறக்கட்டளைக்குத் தெரியும்.

சைமா நோட்டைப் பார்த்து ஆறு பெயர்களைக் கூப்பிட்டாள். நோட்டை மூடினாள். ஆன்சி தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். மூன்றே முக்கால் வயது. நீட்டியிருந்த கையில் முழங்கை மட்டும்தான் பெரிதாக இருந்தது.

"இன்னா சைமா, எம் பொண்ண வுட்டுட்ட?" என்றாள் ஜெமிமா.

"அக்கா, கொஞ்சம் உள்ள வாங்க."

"உள்ள இன்னா உள்ள. இங்கியே சொல்லு."

சைமா தண்டையார்பேட்டைப் பெண். இருபத்து மூன்று வயது. அறக்கட்டளையின் வேலைக்காக ஒரு வருஷமாக இந்தக் குப்பத்துக்கு வந்து போகிறாள். பொய் சொல்லத் தெரியாத முகம். அந்த முகம் இப்போது தரையைப் பார்த்தது.

"ஆன்சி பேரு பச்சப் பட்டியலுக்குப் போயிடுச்சுக்கா. சனிக்கிழம ஆபீஸ்லேந்து வந்துச்சு. செவப்புல கீற புள்ளைங்களுக்குத்தான் இனிமே முட்ட."

"பச்சன்னா இன்னா?"

"தேறிடுச்சுன்னு."

ஜெமிமா மகளின் சட்டையைக் கழுத்துவரை தூக்கினாள். விலா எலும்புகளை எண்ணிவிடலாம். "எது தேறிச்சு? நீயே சொல்லு. இதுவா?"

"புள்ளைய வச்சு இல்லக்கா. வூட்ட வச்சு. ஜெபின் சார் டேப்ல கேட்டுகினு போனாரே, அதுல குப்பத்துலயே உங்களுக்குத்தான் மொத மார்க்கு. இருபதுக்குப் பத்தொம்போது."

பின்னாலிருந்து கோவிந்தம்மா கேட்டாள். "அந்த ஒண்ணு எதுல போச்சாம்?"

இரண்டு பேர் சிரித்தார்கள். ஜெமிமா திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள். கோவிந்தம்மாவின் பேரன் சுயம்பு தரையில் உட்கார்ந்து முட்டையின் வெள்ளையை முதலில் தின்றுகொண்டிருந்தான். மஞ்சளைக் கடைசிக்கு வைத்திருந்தான்.

"இப்ப இன்னா பண்றது?"

"திட்டம் முடியுதுக்கா. வேற எடத்துக்குப் போவுது. செவப்புல கீற ஆறு புள்ளைங்களுக்கு மட்டும் இன்னும் மூணு மாசம் முட்ட வரும். அப்பவும் தேறலன்னா ஆஸ்பத்திரில சேத்து வச்சுப் பாப்பாங்க. பச்சைக்கு..." சைமா நிறுத்தினாள்.

"பச்சைக்கு?"

"ஒண்ணும் இல்லக்கா."

ஜெமிமா மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். தூக்குவதற்குப் பெரிய பலம் தேவைப்படவில்லை.

*

அந்தப் பத்தொன்பது மார்க்கை ஜெமிமாதான் வாங்கினாள். பொய் சொல்லி வாங்கினாள்.

ஒரு வருஷமாகப் புதன்கிழமைகளில் வகுப்பு நடந்தது. வகுப்புக்கு வானவில் தட்டு என்று பெயர். தினமும் தட்டில் ஏழு நிறம் இருக்க வேண்டும். சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தார்கள். ஆப்பிள், குடமிளகாய், பச்சையாகக் காலிஃப்ளவர் போல ஒன்று. அது என்னவென்று முதல் வகுப்பில் கோவிந்தம்மா கேட்டாள். சைமா பெயரைச் சொன்னாள். "மரத்த வெட்டி சின்னதாக்கி வச்சுக்கீறாங்க" என்றாள் கோவிந்தம்மா. அடுத்த வாரம் சைமாவே அந்தப் படத்தின் மேல் முருங்கைக்கீரை படத்தை ஒட்டிக்கொண்டு வந்தாள். அதனால்தான் அவளை எல்லோருக்கும் பிடித்துப்போனது.

முருங்கைக்கீரையிலும் சிக்கல் இருந்தது. அனல்மின் நிலையச் சாம்பல் காற்றடிக்கும் பக்கமெல்லாம் வந்து படியும். கீரையை நாலு தண்ணீரில் அலசினால் நாலாவது தண்ணீரும் சிமெண்ட் கரைத்ததுபோல இருக்கும். லாரித் தண்ணீர் ஆறு குடம்தான். கீரையை அலசினால் சோறு வடிக்கத் தண்ணீர் இல்லை. இதைச் சைமாவிடம் சொன்னார்கள். அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். எழுதிக்கொண்டு போன இடத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

ஜெமிமா வகுப்பில் கெட்டிக்காரி. இரும்புச்சத்து எதில், சுண்ணாம்புச்சத்து எதில், கேரட்டை எண்ணெயில் வதக்கினால் என்ன, எல்லாம் ஒரே தடவையில் பிடித்துக்கொள்வாள். பத்தாவது வரை படித்தவள். தெரிந்துகொள்வதில் அவளுக்கு எப்போதுமே குறை இருந்ததில்லை.

பிறகு தடைக்காலம் வந்தது. சித்திரை பிறந்ததும் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. இரண்டு மாதம். படகு வேலைக்குப் போகும் அவள் புருஷன் ஜெரி, எல்லா வருஷமும் போலச் சாத்தாங்காட்டு இரும்புச் சந்தைக்குத் தகடு ஏற்றப் போனான். நாலாவது நாள் தகடு ஒன்று நழுவி வலது பாதத்தில் விழுந்தது. இரண்டு விரல் நசுங்கியது. வீட்டுக்குள் கட்டோடு கிடந்தான். அதன் பிறகு அந்த வீட்டில் ஏழு நிறத்தைப் பற்றிப் பேச்சில்லை.

இந்த நிலையில்தான் மதிப்பீடு வந்தது. வகுப்பால் பலன் உண்டா என்று பார்க்க வெளியிலிருந்து ஒரு கம்பெனியை அமர்த்தியிருந்தார்கள். ஜெபின் என்று ஒருவன் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாக வருவான் என்று சைமா சொல்லிவிட்டுப் போனாள். வேறெதுவும் சொல்லவில்லை. இப்படிச் சொல்லுங்கள் என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை.

மற்றதைக் குப்பமே முடிவு செய்தது. அது அங்கே ஒரு வழக்கம். ஆலை எண்ணெய் கசிந்து ஆற்றில் வந்த வருஷம் நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க ஆட்கள் வந்தார்கள். வலை எத்தனை, படகு எத்தனை என்று கேட்டார்கள். உள்ளதை உள்ளபடி சொன்ன வீடுகளின் பதில் பக்கத்து வீட்டின் பதிலோடு ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போகாத பெயர்களை அடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து, கையில் காகிதத்தோடு யார் வந்தாலும், முந்தின நாளே கூடிப் பேசி வைத்துக்கொள்வார்கள்.

அன்றைக்குத் தண்ணீர் லாரி வரிசையில் பேசினார்கள்.

"நேத்து இன்னா துன்னீங்கோன்னு கேப்பானாம்" என்றாள் கோவிந்தம்மா. "இன்னா சொல்லப் போறீங்கோ?"

"துன்னத்தச் சொல்லுவோம்."

"சொல்லு. டீத்தண்ணியும் பன்னும்னு சொல்லு. அந்தப் பொண்ணுக்கு வேல பூடும். ஒரு வருசமா வெயில்ல வந்துகினு கீது. நம்ம புள்ளைங்க மூக்கத் தொடச்சு வுட்டுக்கீது. அதுக்கு நாம பண்ற மருவாதியா இது?"

வரிசை ஒரு குடம் நகர்ந்தது.

"அப்ப முட்டன்னு சொல்லிடலாம்" என்றாள் ஒருத்தி.

"அல்லாரும் முட்டன்னா மாட்டிப்போம். பிரிச்சுக்கலாம்." கோவிந்தம்மா குடங்களைக் கைகாட்டிப் பிரித்தாள். "எனுக்கு சுண்டலு. கோடி வூட்டுக்காரி, நீ கேவுரு கூயி. உனுக்கு பீட்ரூட்டு."

"பீட்ரூட்டு வாணாம்க்கா. அத்த எப்டி ஆக்குறதுன்னு கேட்டா எனுக்குத் தெரியாது."

"செரி, அவரக்கா. ஜெமி, நீ நல்லா பேசுவ. உனுக்குப் பப்பாளி, முருங்கக்கீர, மத்தி மீனு."

"தடக்காலத்துல மத்தி ஏதுக்கா?"

"நாட்டுப் படகுல வந்துச்சுன்னு சொல்லு. அவுனுக்கு இன்னா தெரியப் போவுது."

"அவுரு நாரோயிலு பக்கமாம். மீனு தெரிஞ்சவங்க."

"அய்ய. அப்ப மத்தி வாணாம். முட்ட."

சிரித்தார்கள். கல்யாணத்துக்கு யார் என்ன நிறத்தில் புடவை கட்டுவது என்று பேசிக்கொள்வதுபோல இருந்தது. அந்தக் கால்மணி நேரம் எல்லோர் வாயிலும் ஏதோ ஊறியது.

மறுநாள் ஜெபின் வந்தான். மரியாதையான பையன். செருப்பை வெளியே கழற்றினான். ஒரு அளவுக் கப்பை எடுத்துத் தரையில் வைத்தான். பப்பாளி இந்தக் கப்பில் எவ்வளவு இருக்கும் என்று கேட்டான். "ஒரு கப்பு" என்றாள் ஜெமிமா. குழந்தைக்கு? "அர கப்பு." கீரையை எப்படிச் சமைத்தீர்கள்? பருப்புப் போட்டு. எலுமிச்சை பிழிந்தீர்களா? பிழிந்தோம், அப்போதுதான் இரும்புச்சத்து உடம்பில் ஒட்டும். ஜெபின் நிமிர்ந்து பார்த்தான். "சூப்பர்க்கா" என்றான். குழந்தையை அவன் பார்க்கவில்லை. அவன் கேள்விகளில் குழந்தையைப் பார்க்கச் சொல்லி ஒன்றும் இல்லை.

அவன் போனதும் ஜெரி உள்ளிருந்து கேட்டான்.

"இன்னாமே, நேத்து நம்மூட்ல பப்பாளி துன்னோமா?"

"சும்மா கெட."

"இல்ல, கேக்குறேன். எனுக்கு இன்னாத்துக்கு ஒரு துண்டு குடுக்கல?"

முந்தின நாள் காலை நாஷ்டா பால் போடாத டீ, ஒரு பன். ஜெரிக்குப் பாதி, ஆன்சிக்குப் பாதி. மதியம் சோறும் கருவாட்டுத் தலை போட்ட குழம்பும். ராத்திரி அதே சோறு, தண்ணீர் ஊற்றி.

*

புதன்கிழமை எக்ஸ்பிரஸ் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஷெட்டில் ஜெமிமா இறால் உரித்துக்கொண்டிருந்தாள். தடைக்காலத்திலும் ஷெட் ஓடும். ஆந்திராவிலிருந்து வளர்ப்பு இறால் ஐஸ் பெட்டியில் வரும். பெண்கள் ஈரத் தரையில் வரிசையாகக் குந்தியிருப்பார்கள். தலையைத் திருகி, ஓட்டை நீக்கி, முதுகைக் கீறி, கறுப்பு நரம்பை இழுத்துப் போட வேண்டும். இறால் தண்ணீர் விரல் நுனியைத் தின்னும். நாலு நாள் தொடர்ந்து உரித்தால் உப்பைத் தொட முடியாது. ஒரு நாளைக்கு ஜெமிமாவின் கையில் முப்பது கிலோ போகும். வாசலில் பையைப் பிரித்துப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள்.

பக்கத்தில் கோவிந்தம்மா. பன்னிரண்டு வருஷமாக உரிக்கிறவள். பார்க்காமலே உரிப்பாள்.

"நான் மெய்யச் சொல்லிடப் போறேன்க்கா."

"இன்னாத்த?"

"பப்பாளி இல்ல, முட்ட இல்ல, ஒரு மயிரும் இல்லன்னு."

கோவிந்தம்மாவின் கை நின்றது. "ஒருத்தி மாத்திப் பேசுனா அல்லாத்தையும் திரும்பக் கேப்பான். எண்ணெய் வந்தப்ப இன்னா ஆச்சு? மறந்துட்டியா? பேர வெட்டிருவான்."

"எம் பேர வெட்டியாச்சு. உன் பேருதான் கீது."

"அதுக்கு நான் இன்னா பண்ணுவேன்?"

"நீ சுண்டலோட நின்ன. உனுக்கு ஒம்போது மார்க்கு. உம் பேரன் செவப்புல கீறான். எனுக்கு மட்டும் முட்ட, கீர, பப்பாளின்னு அள்ளி அள்ளிக் குடுத்த. இன்னாத்துக்கு?"

கோவிந்தம்மா அவளைப் பார்த்தாள். கையிலிருந்த இறாலைக் கூடையில் போட்டாள். குரலைத் தாழ்த்தினாள். அது கத்துவதைவிட மோசமாக இருந்தது.

"இன்னாடி சொல்ற? பிளான் பண்ணி உம் புள்ள வாயில மண்ணப் போட்டேன்றியா?"

"நான் கேட்டேன்."

"உனுக்குப் பேச வரும்னு குடுத்தேன். அந்தப் பொண்ணுக்கு நல்லது நடக்கணும்னு குடுத்தேன். மார்க்கு ஏறினா முட்டைய நிறுத்துவான்னு எவளுக்குத் தெரியும்? இஸ்கோல்ல மார்க்கு வாங்குனா பரிசு குடுப்பான். இங்க துன்றத்தப் புடுங்குவான்னு எனுக்கு ஜோசியமா தெரியும்?"

"தெரியாதுல்ல? அப்ப சொல்லவுடு."

"சொல்லு. சொல்லிட்டு சுயம்புக்கு முட்ட போனா, நீ வந்து அவுனுக்கு பதில் சொல்லு."

சூப்பர்வைசர் குரல் கொடுத்தான். இரண்டு பேரும் குனிந்தார்கள். வேலை முடிந்தது. ஒரே பேசினில் கை கழுவினார்கள். தனித்தனியாக ரோட்டைக் கடந்தார்கள்.

*

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஜெபின் வீட்டுக்கே வந்தான். கூடச் சைமா. ஜெபின் கையில் ஒரு பை.

"வாழ்த்துக்கள்க்கா. ரிப்போர்ட்ல உங்க குடும்பத்தைத்தான் முதல் பக்கத்துல போடப்போறோம். ஒரு போட்டோ எடுக்கணும். அஞ்சு நிமிஷம்."

பையிலிருந்து ஒரு தட்டை எடுத்தான். ஏழு பள்ளம் போட்ட புதுத் தட்டு. பிறகு டப்பாக்களை எடுத்தான். நறுக்கிய பப்பாளி. பீட்ரூட் பொரியல். கீரை மசியல். கேரட். சோறு. சுண்டல். அவித்த முட்டை இரண்டாக வெட்டியது. திருவொற்றியூரில் ஏதோ ஓட்டலில் சொல்லி வாங்கியிருந்தான். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பள்ளத்தில் வைத்தான். துடைத்து வைத்தான். வெளிச்சம் பார்த்துத் தட்டை வாசல் பக்கம் நகர்த்தினான்.

சைமா சுவரோடு நின்றாள்.

"அண்ணே, நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி உக்காருங்களேன். காலு மட்டும் ஃப்ரேம்ல வருது."

"காலா?" என்றான் ஜெரி.

"கட்டு தெரியுது. அதான்."

"எனுக்கும்தான் தெரியுது நைனா. மூணு வாரமா தெரியுது."

ஜெபின் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. "தப்பா எடுத்துக்காதீங்க. குடும்பம் சந்தோஷமா சாப்பிடற மாதிரி கேக்குறாங்க."

ஜெரி புட்டத்தால் நகர்ந்து சுவர் மூலைக்குப் போனான். காலை இரண்டு கையாலும் தூக்கி இழுத்துக்கொண்டான்.

ஆன்சி தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். முட்டையைப் பார்த்தாள். கையை நீட்டினாள்.

"ஒரு நிமிஷம் பாப்பா. போட்டோ எடுத்துட்டு அப்புறம் சாப்பிடலாம்."

ஆன்சி கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அம்மாவைப் பார்த்தாள். "எம் பேரு கூப்டுவாங்களா?" என்று கேட்டாள்.

ஜெமிமா தட்டை மகள் பக்கம் நகர்த்தினாள்.

"துன்னு" என்றாள்.

"அக்கா, ஒரே ஒரு..."

"நீ துன்னுடி."

ஆன்சி பாதி முட்டையை வாயில் போட்டாள். மென்று முடிக்காமல் அடுத்த பாதியைப் போட்டாள்.

"அக்கா, முட்டை போச்சுன்னா ஒரு நிறம் குறையும்" என்றான் ஜெபின். சொன்ன பிறகுதான் அவனுக்கே அது காதில் விழுந்ததுபோல நிறுத்தினான்.

"கொறையட்டும். உன் டேப்ப எடு."

"எதுக்குக்கா?"

"எடு. அன்னிக்குக் கேட்டல்ல, நேத்து இன்னா துன்னேன்னு? அதே கேள்விய திரும்பக் கேளு."

வாசலில் ஆள் சேர ஆரம்பித்தது. கோவிந்தம்மாவும் வந்து நின்றாள். இடுப்பில் சுயம்பு.

"ஜெமி, வாய வச்சுகினு சும்மா கெட" என்றாள்.

"நீ போக்கா. தம்பி, நான் சொல்றேன், எழுதிக்க. காலைல டீத்தண்ணி. ஒரு பன்னு. அது எனுக்கு இல்ல. மத்தியானம் சோறு, கருவாட்டுத் தல. ராவுல தண்ணி ஊத்துன சோறு. நீ கேட்ட அன்னிக்கும் அதான். அதுக்கு மொத நாளும் அதான். பப்பாளி இல்ல. கீர இல்ல. எலுமிச்ச இல்ல. எலுமிச்ச பிழிஞ்சா இரும்பு ஒட்டும்னு எனுக்குத் தெரியும். தெரிஞ்சத்தத்தான் உன்கிட்ட சொன்னேன். துன்னத்த சொல்லல."

ஜெபின் டேப்பைத் திறந்தான், மூடினான். "ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"இந்தப் பொண்ணுக்கு வேல பூடும்னு சொன்னேன். பூட்டா பூடட்டும். சைமா, மன்னிச்சுக்க. எனுக்கு உன்னப் புடிக்கும். ஆனா எம் பொண்ணு துன்னணும்."

சைமாவின் கண் கலங்கியது. அவள் துடைக்கவில்லை. "எனக்காக நீங்க யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லைக்கா. நான் கேக்கவே இல்லயே" என்றாள். அதில் கோபம் இருந்தது. அது நியாயமான கோபம்தான்.

"நாங்க தப்புப் பண்ணோம். செரி. ஒரு வருசமா வகுப்பு எடுத்தீங்களே, ஒரு தபா யாராச்சும் கேட்டீங்களா, துன்றதுக்கு வழி கீதான்னு? எதுல சத்துன்னு கேட்டீங்க. சொன்னேன். பாஸாயிட்டேன். பாஸானவ புள்ளைக்கு பசிக்காதா?"

ஜெபின் தரையில் உட்கார்ந்தான். அவன் வயது இருபத்தைந்துகூட இருக்காது. "டேட்டா எல்லாம் அனுப்பி லாக் ஆயிடுச்சுக்கா. நான் நினைச்சாலும் உங்க பதிலை மாத்த முடியாது. சத்தியமா."

"அப்ப எத்த மாத்த முடியும்?"

சைமாதான் சொன்னாள்.

"எடைய வச்சு மாத்தலாம் சார்."

"சைமா..."

"விதி கீது சார். பதில் இன்னாவா இருந்தாலும் சரி, இந்த வயசுக்குப் பத்து கிலோ எழுநூறுக்குக் கீழ இருந்தா அன்னிக்கே செவப்புல சேக்கணும். கள அலுவலர் நீங்க போட்டோ எடுத்து அனுப்பினா போதும்."

"மெஷின் எங்க இருக்கு? தை மாசமே வேற இடத்துக்கு எடுத்துட்டுப் போயாச்சே."

"ஆமா சார். நான் நாலு தபா கேட்டேன். அறிவு மாறுச்சான்னுதான் பாக்கப்போறோம், எடை நம்ம இலக்குல இல்லன்னாங்க."

ஜெமிமா இதை முழுதாகக் கேட்டாள். குனிந்து ஆன்சியைத் தூக்கினாள். ஆன்சி ஒரு கையில் பப்பாளித் துண்டைப் பிடித்திருந்தாள்.

"வா" என்றாள் ஜெபினிடம்.

"எங்கக்கா?"

"மெஷின் கீற எடத்துக்கு."

எக்ஸ்பிரஸ் ரோட்டில் துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றிருந்தன. ஜெமிமா இரண்டு லாரிகளுக்கு நடுவில் புகுந்து போனாள். ஜெபினும் சைமாவும் பின்னால் ஓடினார்கள். அவர்களுக்குப் பின்னால் குப்பத்துப் பெண்கள். ஜெரி வாசல்வரை ஒற்றைக் காலில் வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஷெட்டில் உரித்த இறாலை நிறுத்துக்கொண்டிருந்தார்கள். அகலமான எஃகுத் தட்டு வைத்த மின்தராசு. சூப்பர்வைசர் எழுந்து வந்தான்.

"ஏய், வேலைக்கு வரலன்னு சொல்லிட்டு இன்னா ஊர்வலமா வர்ற? புள்ளைய உள்ள இட்டுனு வரக் கூடாது."

"ஒரு நிமிசம் நவுரு."

"சரக்கு வைக்கிற எடம் இது. கலீஜ் பண்ணாத."

"எம் பொண்ணு கலீஜா?"

அவன் நகரவில்லை. உரித்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்தார்கள். கத்திகளைக் கீழே வைக்காமல் எழுந்தார்கள், அவ்வளவுதான். சூப்பர்வைசர் நகர்ந்தான்.

ஜெமிமா தராசின் கூடையை எடுத்துக் கீழே வைத்தாள். முந்தானையால் தட்டைத் துடைத்தாள். ஆன்சியின் சட்டையைக் கழற்றினாள். கையிலிருந்த பப்பாளியை வாங்கிச் சைமாவிடம் கொடுத்தாள். ஆன்சியைத் தட்டின் மேல் உட்கார வைத்தாள். எஃகு சில்லென்றிருக்க வேண்டும். குழந்தை தோளைக் குறுக்கிக்கொண்டது. அழவில்லை.

சிவப்பு எண்கள் ஓடின. நின்றன.

"பத்து முன்னூத்தி எம்பது" என்று சைமா படித்தாள்.

ஜெபின் எண்ணைப் பார்த்தான். குழந்தையைப் பார்த்தான். முதல் தடவையாகப் பார்த்தான். பிறகு வேலையில் பழகிய வாய் கேட்டுவிட்டது. "இந்த மெஷின் சரியா காட்டுமா?"

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு கோவிந்தம்மா முன்னால் வந்தாள். மூச்சு வாங்கியது. ஜெமிமாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

"இதுல நிறுத்துத்தான் பன்னெண்டு வருசமா எங்களுக்குக் கூலி" என்றாள். "அன்னிக்கெல்லாம் ஒருத்தனும் வந்து செரியான்னு கேக்கல. இப்ப உனுக்கு இன்னாத்துக்கு சந்தேகம்? எழுதுடா."

ஜெபின் போனை எடுத்தான். ஒரு காலை மடக்கி, குழந்தையின் முகத்துக்கு நேராகக் குந்தினான்.

ஜெமிமா அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"மொகத்த எடுக்காத" என்றாள். "நம்பர எடு."